உங்கள் இணையதளத்தில் யாருடைய நிரல் ஓடுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லைச் சீமையில் சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் இப்போது ஏராளம். டவுனில் அல்வா விற்பவர், பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர், காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்பவர், குற்றாலத்தில் காட்டேஜ் விடுபவர், பாளையங்கோட்டை மருத்துவமனைகள், கல்லூரிகள் என்று பட்டியல் நீளும். தளத்தின் நிறம், படம், எழுத்து பற்றி உரிமையாளர்கள் நாள் கணக்கில் பேசுகிறார்கள். உள்ளே ஓடும் டேக்குகளைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. விளம்பரப் பணம் வீணாவதும் வாடிக்கையாளரின் செல்போன் எண் வெளியே போவதும் அங்கேதான். அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறோம்.

டேக் என்பது பக்கத்தில் சேர்க்கப்படும் சிறு நிரல். ஒருவர் பக்கத்தைத் திறந்தாலோ, பட்டனை அழுத்தினாலோ, பணம் கட்டினாலோ அந்தத் தகவலை கூகுளுக்கோ, பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ அது அனுப்பும். இவற்றை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்க கூகுள் டேக் மேனேஜர் 2012 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் நிரலை மட்டும் தளத்தில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். மற்ற டேக்குகளைத் தளத்தின் கோப்புகளைத் தொடாமலே சேர்க்கலாம், நீக்கலாம். இந்த வசதியே தொந்தரவுக்கும் காரணமாகிறது. சேர்ப்பது சுலபம் என்பதால் ஆளாளுக்குச் சேர்க்கிறார்கள். நீக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இருப்பதில்லை.

முதலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் தளம் செய்து கொடுத்தவரோ விளம்பரம் பார்ப்பவரோ தம் ஜிமெயிலில் கணக்கைத் திறந்து விடுகிறார். கடைச் சாவியை வேலைக்கு வந்தவரிடமே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது போலத்தான் இது. டேக் மேனேஜர், தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸ், விளம்பரக் கணக்கு மூன்றும் கடையின் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடைத் தரப்பில் இரண்டு பேர் அட்மினாக இருப்பது நல்லது. ஒருவர் போன் தொலைந்தாலும் மற்றவர் உள்ளே போகலாம். வெளியாளுக்கு வேலைக்குத் தேவையான உரிமை மட்டும் போதும். டேக் மேனேஜரில் ஒரு தளத்தின் டேக்குகள் எல்லாம் இருக்கும் தொகுப்புக்கு கன்டெய்னர் என்று பெயர். அந்த அளவில் உரிமைக்கு நான்கு படிகள் உண்டு: ரீட், எடிட், அப்ரூவ், பப்ளிஷ். புதிதாக வருபவருக்கு எடிட் கொடுங்கள். பப்ளிஷ் உரிமை பொறுப்பானவர் ஒருவரிடமே இருக்கட்டும். எல்லோருடைய கூகுள் கணக்கிலும் இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம்.

கணக்கு ஏற்கெனவே வெளியாள் பெயரில் இருந்தால், அவரோடு நல்ல உறவு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அட்மின் பகுதியில் 'எக்ஸ்போர்ட் கன்டெய்னர்' கொடுத்தால் எல்லா டேக்கும் ஒரே கோப்பாக இறங்கும். உங்கள் பெயரில் புதுக் கன்டெய்னர் திறந்து அந்தக் கோப்பை இம்போர்ட் செய்து, தளத்தில் பழைய ஜிடிஎம் (டேக் மேனேஜர்) எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணை வைக்க வேண்டும். நிரல் இரண்டு துண்டுகளாக இருக்கும். ஒன்று ஹெட் பகுதியில் முடிந்தவரை மேலே, மற்றது பாடி தொடங்கிய உடனே. பழைய எண்ணை எடுக்க மறந்தால் இரண்டு கன்டெய்னரும் சேர்ந்து ஓடி எல்லாக் கணக்கும் இரட்டிப்பாகும்.

இரட்டிப்புதான் நாங்கள் அடிக்கடி காணும் கோளாறு. உங்கள் தளத்தில் அது இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கணினியில் குரோமில் தளத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். திறக்கும் பலகையில் 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய், மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'கலெக்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அனலிடிக்ஸுக்குப் போகும் ஒவ்வொரு செய்தியும் ஒரு வரியாக வரும். வரியை அழுத்தி 'பேலோட்' பகுதியைப் பார்த்தால் 'டிஐடி' என்ற இடத்தில் ஜி என்று தொடங்கும் உங்கள் எண்ணும், 'இஎன்' என்ற இடத்தில் நிகழ்வின் (பக்கம் திறந்தது, பட்டன் அழுத்தியது போன்றது) பெயரும் இருக்கும். ஒரே எண்ணுக்கு, ஒரே பக்கத்துக்கு, 'பேஜ் வியூ' இரண்டு முறை போயிருந்தால் டேக் இரண்டு வழியில் ஏறியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் வேர்ட்பிரஸ் பிளகின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) ஒன்றை அனுப்பும், தீமின் (தள வடிவமைப்பின்) ஹெடர் பெட்டியில் யாரோ ஒட்டியது இன்னொன்றை அனுப்பும், டேக் மேனேஜர் மூன்றாவதை அனுப்பும். டேக் மேனேஜரை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று அண்ணாச்சிகள் கேட்கலாம். பக்கம் பார்த்த எண்ணிக்கை இரட்டிப்பாவது மட்டும் இல்லை. ஜிஏ4, அதாவது கூகுள் அனலிடிக்ஸின் இப்போதைய பதிப்பு, கணக்கில் ஒரு வருகை 10 நொடிக்கு மேல் நீடித்தாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று நடந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்திருந்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை ஆகிவிடும். ஒரே பக்கம் இரண்டாகப் பதிவானால், வந்த வேகத்தில் திரும்பிப் போனவரும் ஈடுபாட்டோடு பார்த்தவராகத் தெரிவார். ஈடுபாட்டு விகிதம் 95 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்தது பதிவேடு. கூகுள் ஷீட் ஒன்று போதும், நோட்டுப் புத்தகமும் ஆகும். டேக்கின் பெயர், எதற்காக, யார் கேட்டது, எந்தப் பக்கங்களில் ஓடும், தகவல் யாருக்குப் போகும், வைத்த தேதி, மறுபடி பார்க்க வேண்டிய தேதி. எதற்காக என்ற கட்டத்தை நிரப்ப முடியாத டேக் தளத்தில் இருக்கக் கூடாது. பெயர் வைக்கும்போது ஒரே முறையைப் பின்பற்றுங்கள்: முதலில் நிறுவனம், பிறகு வகை, பிறகு இடம். 'ஜிஏ4 – நிகழ்வு – வாட்ஸ்அப் பட்டன்' என்று இருந்தால் அடுத்து வருபவருக்கும் புரியும். 'புது டேக் 3' என்றால் வைத்தவருக்கே இரண்டு மாதத்தில் மறந்துபோகும்.

நம் ஊர் வியாபாரம் பருவத்தை ஒட்டியது. குற்றாலம் சீசன், ஆனித் தேரோட்டம், தீபாவளி, கல்யாண முகூர்த்தங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விளம்பரம், தனி டேக். சீசன் முடிந்தால் விளம்பரம் நிற்கும், டேக் நிற்காது. டேக்கின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் தொடக்க, முடிவுத் தேதி போட இடம் இருக்கிறது. சீசன் டேக்கை வைக்கும் அன்றே முடிவுத் தேதியையும் போட்டுவிடுங்கள்.

வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் எதிர்வினை வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அனலிடிக்ஸ் டேக் ஒன்றால் பெரிய தாமதம் வராது. அரட்டைப் பெட்டி, பார்வையாளரின் அசைவைப் பதிவு செய்யும் ஹீட்மேப், குதித்து வரும் சலுகைப் பெட்டி ஆகியவைதான் கனமானவை. தென்காசியில் இறங்கி, அரைகுறை சிக்னலில் அறை தேடுகிற குடும்பம் அரட்டைப் பெட்டி ஏறும்வரை காத்திருக்காது. குரோமின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 'ஸ்லோ 4ஜி' என்று குறைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு சந்தேகப்படும் வரியில் வலது கிளிக் செய்து அந்த டொமைனை (தளப் பெயரை)த் தடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு டேக்கின் பாரம். அவசியமானது என்றால் எல்லாப் பக்கத்திலும் வைக்காமல் தேவையான பக்கத்தில் மட்டும், 'விண்டோ லோடட்' டிரிகரில் ஓட விடுங்கள். டிரிகர் என்பது டேக் எப்போது ஓட வேண்டும் என்ற விதி; இது பக்கம் முழுதும் ஏறிய பிறகு ஓட்டுவது.

எதை அளப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. நம் சிறு கடைகளில் ஆர்டர் பெரும்பாலும் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அங்கே பக்கம் பார்த்தவர் எண்ணிக்கையை வைத்து விளம்பரத்தை எடை போட்டுப் பயனில்லை. டேக் மேனேஜரில் 'ஜஸ்ட் லிங்க்ஸ்' டிரிகர் எடுத்து, அழுத்திய இணைப்பு 'டெல்' என்று தொடங்கினால் (போன் எண் இணைப்பு) ஒரு நிகழ்வு, வாட்ஸ்அப் இணைப்பாக இருந்தால் இன்னொரு நிகழ்வு என்று வையுங்கள். நிகழ்வின் பெயர் 40 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கணக்காகும் என்பதால் எல்லாம் சிறிய எழுத்திலேயே இருக்கட்டும். ஆள் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்ட, விளம்பர இணைப்பில் சேர்க்கும் யுடிஎம் குறிப்புக்கும் இதே விதிதான். யுடிஎம்மை உங்கள் தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பில் வைக்கவே கூடாது. ஆள் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு கெட்டுவிடும்.

தளத்திலேயே பணம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'நன்றி' பக்கம் திறந்தால் விற்பனை என்று டேக் வைப்பது வழக்கம். வாங்கியவர் ரசீதைப் பார்க்க அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தால் ஒரு கிலோ அல்வா இரண்டு கிலோவாகிவிடும். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி டிரான்ஸாக்‌ஷன் ஐடி அனுப்பினால் ஜிஏ4 இரண்டாவதைத் தள்ளிவிடும். தொகையை வெறும் எண்ணாக அனுப்ப வேண்டும். ரூபாய்க் குறியும் காற்புள்ளியும் சேர்ந்து போனால் கணக்கு ஏறாது. கரன்சி என்ற இடத்தில் ஐஎன்ஆர் இல்லாவிட்டாலும் வருமானம் காட்டாது.

இன்னொரு பிரச்சினை யுபிஐ. வாடிக்கையாளர் பணம் கட்ட வேறு செயலிக்குப் போகிறார். பணம் போனதும் அங்கேயே மூடிவிடுகிறார், உலாவிக்குத் திரும்புவதில்லை. நன்றி பக்கம் திறக்கவில்லை, விற்பனையும் பதிவாகவில்லை. விளம்பரம் பலிக்கவில்லை என்று நினைத்து நன்றாக ஓடும் விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார்கள். இதற்குச் சரியான தீர்வு, பணம் வந்ததைப் பேமென்ட் கேட்வே (பணம் வாங்கித் தரும் சேவை) உங்கள் சர்வருக்கு உறுதி செய்யும் அந்த நேரத்தில் சர்வரிலிருந்தே அனலிடிக்ஸுக்குத் தகவல் அனுப்புவது. இரண்டு வழியிலும் ஒரே டிரான்ஸாக்‌ஷன் ஐடி போக வேண்டும். திரும்பி வருபவர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: கேட்வே தளத்திலிருந்து வந்ததாகப் பதிவாகி, உண்மையில் அனுப்பி வைத்த விளம்பரத்தின் பெயர் மறைந்துவிடும். ஜிஏ4 டேட்டா ஸ்ட்ரீமின் டேக் செட்டிங்ஸில் 'அன்வான்டட் ரெஃபரல்ஸ்' பட்டியலில் கேட்வேயின் டொமைனைச் சேர்த்தால் சரியாகும். இவ்வளவு செய்தாலும் வாரம் ஒருமுறை அனலிடிக்ஸ் காட்டும் ஆர்டரை கடையின் ஆர்டர் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. விளம்பரத் தடுப்பான்கள் வைத்திருப்பவர்கள் உண்டு. கடைக் கணக்கைவிட அதிகமாகக் காட்டினால் அது நிச்சயம் கோளாறு.

போன ஆனித் தேரோட்டத்தையும் இந்த ஆண்டையும் ஒப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜிஏ4இல் விவரத் தரவு 2 மாதம்தான் இருக்கும்படி முதலிலேயே அமைந்திருக்கிறது. அட்மின் பகுதியில் டேட்டா ரிடென்ஷனை 14 மாதமாக மாற்றலாம். அழிந்துபோனது திரும்பாது. நாமே அமைத்துக்கொள்ளும் எக்ஸ்ப்ளோரேஷன் அறிக்கைகளுக்கு இது முக்கியம். சாதாரண அறிக்கைகளை இது பாதிக்காது.

இனிச் சொல்லப்போவதை மருத்துவமனைகளும் பள்ளிகளும் தயவு செய்து படிக்க வேண்டும். முன்பதிவுப் படிவத்தை நிரப்பிய பிறகு திறக்கும் பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு நோயாளியின் பெயரும் செல்போன் எண்ணும் நிற்கின்றனவா? படிவம், நிரப்பியதை முகவரியிலேயே சேர்க்கும் 'கெட்' முறையில் அனுப்பப்பட்டால் அப்படித்தான் நிற்கும். டேக்குகள் பக்கத்தின் முழு முகவரியையும் அனுப்புவதால் இன்னார் இன்ன மருத்துவரைப் பார்க்க வருகிறார் என்பது அத்தனை டேக் நிறுவனங்களுக்கும் போய்விடுகிறது. தனி ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனுப்பக் கூடாது என்பது அனலிடிக்ஸின் விதியும்கூட. படிவத்தை, முகவரியில் காட்டாத 'போஸ்ட்' முறைக்கு மாற்றுங்கள். இது தளம் செய்தவருக்குச் சிறிய வேலை. கூடுதல் காவலாக ஜிஏ4 டேட்டா ஸ்ட்ரீமில் 'ரிடாக்ட் டேட்டா' பகுதியில் மின்னஞ்சலையும், முகவரியில் பெயர், போன் வரும் பாராமீட்டர்களையும் (கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதிகளையும்) மறைக்கச் சொல்லிவிடுங்கள். மெட்டாவின் விளம்பர டேக்கான பிக்சலில் 'ஆட்டோமேட்டிக் அட்வான்ஸ்டு மேட்சிங்' என்ற வசதி, படிவத்தில் அடிக்கும் மின்னஞ்சலையும் எண்ணையும் எடுத்து ஹாஷ் செய்து (குறியீடாக மாற்றி) அனுப்பும், அதை அணைத்துவிடுங்கள். எங்கள் கருத்தில் முன்பதிவு, பரிசோதனை முடிவு, சிகிச்சை விவரம் ஆகிய பக்கங்களில் விளம்பரப் பிக்சலே கூடாது. குழந்தைப்பேறு சிகிச்சைப் பக்கத்தைப் படித்த பெண்ணுக்கு மறுநாள் அதே விளம்பரம் குடும்பத்தார் கண்ணெதிரே வந்து நிற்பதை எந்த மருத்துவமனையும் விரும்பாது.

சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் தெளிவாகக் கேட்கப்பட வேண்டும், கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்க வழி இருக்க வேண்டும். ஆகவே நம் தளங்களில் தமிழில் வைப்பதே முறை. 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை, குழந்தைகள் தொடர்பான கடமை மீறலுக்கு 200 கோடி வரை. பள்ளித் தளத்தில் விளம்பரப் பிக்சல் எதற்கு என்று நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும்.

குக்கீ என்பது தளம் பார்வையாளரின் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. பல தளங்களில் 'குக்கீயை ஏற்கிறேன்' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அது திறக்கும் முன்பே எல்லா டேக்கும் ஓடி முடிந்திருக்கும். இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறந்து, எதையும் அழுத்தாமல், எஃப்12 பலகையில் 'அப்ளிகேஷன்' பகுதியில் குக்கீகளைப் பாருங்கள். '_ஜிஏ' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் குக்கீ அப்போதே இருந்தால் பெட்டி வேலை செய்யவில்லை. டேக் மேனேஜரில் 'கன்சென்ட் இனிஷியலைசேஷன்' என்ற டிரிகர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுவது. அதில் விளம்பரம், அனலிடிக்ஸ் இரண்டுக்கும் ஆரம்ப நிலை 'டினைடு' (மறுப்பு) என்று வைத்து, பார்வையாளர் சம்மதித்த பிறகு 'கிரான்டட்' (அனுமதி) ஆக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கஸ்டம் ஹெச்டிஎம்எல்' டேக்கில் எந்த நிரலையும் வைக்கலாம். படிவத்தில் அடிப்பதைத் திருடும் நிரலையும்தான். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தின் ஒரு ஸ்கிரிப்டை (நிரலை)த் திருடர்கள் மாற்றி வைத்து, வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்களை அள்ளினார்கள். அந்த நிறுவனத்துக்கு 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம். 2024இல் பாலிஃபில் என்ற ஸ்கிரிப்டின் டொமைன் கைமாறி, அதைச் சேர்த்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஆபத்துக்குள்ளாயின. அவற்றில் எத்தனையோ தளங்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் தேவையே இருந்திருக்காது. கார்டு எண் வாங்கும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியலும் காரணமும் வேண்டும் என்று கார்டு நிறுவனங்களின் பிசிஐ விதி 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் பதிவேடு இங்கேயும் உதவும்.

மாற்றம் செய்யும் நாளில் கடைப்பிடிக்க வேண்டியவை சில. 'பிரிவியூ' கொடுத்து, கணினியிலும் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் எந்த டேக் ஓடியது, எது ஓடவில்லை என்று பார்க்காமல் பப்ளிஷ் அழுத்தாதீர்கள். அழுத்தும் முன் மாற்றங்களின் பட்டியலைப் படியுங்கள். வேறொருவர் பாதியில் விட்ட வேலை அதே ஒர்க்ஸ்பேஸில் (மாற்றங்களைச் செய்து வைக்கும் வேலைப் பகுதியில்) கிடந்தால் அதுவும் சேர்ந்து வெளியே போய்விடும். இலவசக் கணக்கிலேயே மூன்று ஒர்க்ஸ்பேஸ் உண்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் என்ன மாற்றினோம், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். கோளாறு வந்தால் 'வெர்ஷன்ஸ்' பகுதியில் முந்தையதைத் தேர்ந்து பப்ளிஷ் கொடுத்தால் சில நிமிடங்களில் பழைய நிலை திரும்பும். தீபாவளிக்கு முந்தின நாள் புது டேக் எதுவும் வேண்டாம்.

மாவட்டத் தொழில் மையமும் வணிகர் சங்கங்களும் சிறுதொழில் செய்வோருக்குப் பயிற்சி நடத்தும்போது இதற்கென இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டுகிறோம். வருபவர்கள் தங்கள் மடிக்கணினியையும் கணக்குகளின் கடவுச்சொல்லையும் கொண்டுவரட்டும். அட்மின் பட்டியலைத் திறந்து, விலகிப்போனவர்களின் பெயர்களை அங்கேயே நீக்கிவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்புப் பணியில் இருப்போர்,
பாளையங்கோட்டை.